மாத்திரையை நிறுத்திய பெண்கள்

துடைப்பங்களும் தரை துடைக்கும் குச்சிகளும் சிறைக் கம்பிகள் போல நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு குடும்பத் தலைவி. 1960களில் அமெரிக்க மருத்துவர்களுக்காக வெளிவந்த ‘செராக்ஸ்’ என்ற பதற்றத் தணிப்பு மாத்திரையின் விளம்பரம் இது. உங்களால் இவளை விடுவிக்க முடியாது, ஆனால் இவளுடைய பதற்றத்தைக் குறைக்க முடியும் என்கிறது அதன் வாசகம். பெண்ணியவாதி ஒருத்தி கேலிக்கு வரைந்திருந்தால்கூட இவ்வளவு வெளிப்படையாக வரைந்திருக்க மாட்டாள். 1970இல் வந்த வேலியம் விளம்பரத்தின் நாயகிக்கு வயது 35, மணமாகாதவள். தன் அப்பாவுக்கு ஈடான ஆண் அவளுக்குக் கிடைக்கவில்லையாம். அதற்கும் மாத்திரை.

இந்த மாத்திரைக் குடும்பத்தின் பெயர் பென்சோடயசெபின். அமெரிக்காவில் ரோஷ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் உருவாக்கிய லிப்ரியம் 1960இல் சந்தைக்கு வந்தது, வேலியம் 1963இல். 1978இல் மட்டும் அமெரிக்காவில் 200 கோடிக்கும் அதிகமான வேலியம் மாத்திரைகள் விற்றன. ஆண்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பெண்களுக்கு இவை எழுதித் தரப்பட்டன.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. லிப்ரியம் வந்த மறு ஆண்டே, 1961இல், லியோ ஹாலிஸ்டர் குழுவினர் அதை மாதக்கணக்கில் அதிக அளவில் உட்கொண்ட 11 நோயாளிகளுக்குத் திடீரென்று வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 10 பேருக்குப் புதிய அறிகுறிகள் தோன்றின. இருவருக்கு வலிப்பு வந்தது. அதிக அளவு கொடுத்ததால் வந்தது, வழக்கமான அளவில் பயமில்லை என்ற நம்பிக்கை அதன் பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மருத்துவ உலகில் நிலைத்திருந்தது. நியூயார்க்கின் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் பார்பரா கார்டன், வேலியத்தை ஒரே நாளில் நிறுத்திவிட்டு மனநல மருத்துவமனைவரை போய்வந்த கதையை 1979இல் நூலாக எழுதினார். வழக்கமான அளவிலும் உடல் பழகிவிடும் என்பதை 1980களின் தொடக்கத்தில் லண்டனில் மால்கம் லேடரின் ஆய்வுகள் உறுதிசெய்தன.

நம் வீடுகளில் இவை எல்லாவற்றுக்கும் ‘தூக்க மாத்திரை’ என்று ஒரே பெயர். ஆனால் நிறுத்தும்போது இவை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. வேலியம் உடலில் பாதியாகக் குறைய 20 மணி நேரத்திலிருந்து இரண்டு நாள்வரை ஆகும். அது சிதைந்து உருவாகும் பொருள் அதற்கும் மேல் தங்கும். ஆகவே நிறுத்தியவளுக்குச் சில நாள் கழித்தே தொல்லை தொடங்கலாம். பின்னால் வந்த அட்டிவானும் ஸேனாக்ஸும் ஏறக்குறைய அரை நாளில் பாதியாகிவிடும். காலையில் போட்ட மாத்திரை மாலைக்குள் இறங்க, அடுத்த வேளைக்கு முன்பே நடுக்கம் தொடங்கும். அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாத்திரை சிறியது என்பதால் வீரியமும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. ஸேனாக்ஸ் அரை மில்லிகிராம், வேலியம் 10 மில்லிகிராமுக்குச் சமம் என்பது ஹெதர் ஆஷ்டனின் கணக்கு.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. உறக்கமின்மை, நடுக்கம், வியர்வை, காரணமற்ற பீதி ஆகிய விலகல் அறிகுறிகள், எந்த நோய்க்காக மாத்திரை தரப்பட்டதோ அதே நோயின் முகத்தோடு வருகின்றன. நிறுத்திப் பார்த்தேன், முடியவில்லை என்று ஒருத்தி சொன்னால், ‘பார்த்தாயா, உன் பழைய நோய் போகவில்லை’ என்பதே பதில்; சீட்டு மறுபடியும் எழுதப்படும். வெளிச்சமும் ஓசையும் தாங்கவில்லை, தோலுக்கடியில் ஏதோ ஊர்கிறது என்று, முன்பு இல்லாதவற்றை அவள் சொன்னாலும் அதுவும் நரம்புத் தளர்ச்சிக் கணக்கில் சேரும். வகுப்பில் வெறியாட்டுப் பாடல்களை நடத்தும்போது இது நினைவுக்கு வரும். தலைவியின் மெலிவுக்குக் காரணம் அவளுக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும். வேலனோ கழங்கு வைத்துப் பார்த்து முருகன் என்கிறான். அவளைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கேட்டவர் ஆஷ்டன். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரைகளை விட நினைப்பவர்களுக்காகவே ஒரு மருத்துவப் பிரிவை நடத்தினார். சுமார் 300 பேர் வந்தார்கள். குறுகிய காலமே தங்கும் மாத்திரையிலிருந்து மெல்ல வேலியத்துக்கு மாற்றி, பிறகு அதையும் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், சிறிது சிறிதாகக் குறைப்பது அவர் வழி. ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால் மருத்துவர் துணையோடுதான் இதைச் செய்ய முடியும். எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்பதை முடிந்தவரை நோயாளியிடமே விட்டார். அவர்கள் சொன்னவற்றிலிருந்து கற்றதைக் கொண்டு 1999இல் கையேடு ஒன்றும் எழுதினார். பிரிட்டனில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் இம்மாத்திரைகளைத் தர வேண்டாம் என்ற அரசுக் குழுவின் அறிவுரை 1988இலேயே வந்துவிட்டது. உடல் பழகிப்போவதையும் விலகல் அறிகுறிகளையும் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையைப் பென்சோடயசெபின்கள் அனைத்துக்கும் அமெரிக்கா கட்டாயமாக்கியது 2020இல்.

இந்தியாவில் வேலியத்தின் மூலப்பொருளான டயசெபாமும் ஸேனாக்ஸின் மூலப்பொருளான அல்பிரசோலாமும் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையின் கீழ் வருகின்றன. மருந்துக் கடைக்காரர் மருத்துவரின் பெயர், நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி எத்தனை வாரமாக இதைச் சாப்பிடுகிறாள், எப்படிக் குறைக்கப் போகிறாள் என்பதை அந்தப் பதிவேடு கேட்பதில்லை.