மாணவியர் முறையீடும் விசாரணைக் குழுவும்: ஒரு வரலாற்று நோக்கு

மும்பைத் தேவ்நாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1936இல் தோன்றி, 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் அதற்கும் உரியனவாயின. மாணவர் ஒருவர் சக மாணவியைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினால் வளாகத்தில் அதனை விசாரிப்பவர் யார் என்னும் வினாவுக்கு அவ்விதிகள் தரும் விடை படிப்படியாக உருவானதாகும்.

1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்த நெறிமுறைகள் பணியிடத்தை மனங்கொண்டவை. குழுவுக்குப் பெண்ணே தலைமை ஏற்க வேண்டும், உறுப்பினருள் பாதிக்குக் குறையாதோர் பெண்களாதல் வேண்டும், வெளியார் பங்கும் வேண்டும் என்றன அவை. மாணவியோ ஊழியர் அல்லர். இவ்விடைவெளியை உணர்ந்து, டில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகம் 1999இல் அமைத்த குழுவில் மாணவர் தேர்ந்தெடுத்த பேராளரும் இடம்பெற்றனர். இதனைத் திருப்புமுனை எனலாம்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் 2016இல் வெளியான மானியக் குழு விதிகள், மாணவர் தொடர்பான முறையீடுகளில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலை மாணவர் மூவர் தேர்தல்வழி உறுப்பினராக வேண்டும் என்கின்றன. துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்றோர் உறுப்பினராகக் கூடாது என்பதே அவற்றின் உயிர்நிலை. நிறுவனத்தின் நற்பெயரைக் காக்கும் பொறுப்புடையவரே நடுவராதல் தகாது. (நம் தமிழ்த்துறைகளில் நெறியாளரே துறைத்தலைவராகவும் இருப்பதுண்டு, ஆய்வு மாணவியின் நிலை சொல்லாமலே விளங்கும்.)

ஆயினும் 2017இல், இவ்விதிகளையே காரணம் காட்டி, அந்த டில்லிப் பல்கலைக்கழகம் 1999ஆம் ஆண்டுக் குழுவைக் கலைத்து உள்முறையீட்டுக் குழுவை நிறுவியது. ஆசிரியரும் மாணவரும் அதனை எதிர்த்தனர்.