தீபாவளி இனாமும் நாவிதர் பங்கும்

தீபாவளிக்குப் பத்து நாட்கள் இருக்கும்போதே நமது காலனியில் 'இனாம்' என்னும் சொல் உலவத் தொடங்கிவிடுகிறது. காவற்காரர், பால்காரர் ஆகியோருடன், மாதந்தோறும் நம் தலையைத் திருத்தும் நாவிதரும், அண்மைக் காலமாக மகளிர்க்கு அலங்காரம் செய்ய இல்லத்திற்கே வரும் பெண்களும் அதனை எதிர்பார்க்கின்றனர். நம்மைச் சூழ்ந்து வாழும் மராட்டியர் இதனைத் 'திவாளி போஸ்த்' என்பர். இந்துஸ்தானி பேசுவோர் 'பக்ஷீஸ்' என்பர். கொடுப்பதா வேண்டாவா, கொடுத்தால் எவ்வளவு என்று இல்லந்தோறும் வழக்காடுகிறோம். இவ்வழக்கத்தின் பழைய வரலாற்றை அறிந்தால் வழக்கு ஒருவாறு தெளியுமெனக் கருதி இதனை எழுதலானோம்.

பக்ஷீஸ் பாரசீகச் சொல். இனாம் அரபுச் சொல். இரண்டிற்கும் கொடை என்பதே பொருள். ஆயினும் பழைய வருவாய்த்துறை ஏடுகளில் இனாம் என்பது கையில் வைக்கும் காசு அன்று. வரி நீக்கப்பட்ட நிலம். ஊருக்குத் தொண்டு செய்வோர்க்கு அத்தகைய நிலம் மானியமாக விடப்பட்டிருந்தது. நாவிதரும் அவருள் ஒருவர்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்குப் பங்கு ஒன்றுக்கு ஆண்டிற்கு 100 கலம் நெல் என்று விதிக்கிறது. அதே கல்வெட்டில் கோயிற்பணி புரிந்த நாவிதர்க்கும், ஆடை வெளுப்போர்க்கும் பங்கு வகுக்கப்பட்டிருத்தலைக் காண்கிறோம். கொடுப்பவர் மனம்போல் அளந்த கொடை அன்று அது; கல்லில் வெட்டிய கணக்கு.

செங்கற்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் ஊர் ஊராக எடுத்த கணக்குகளிலும் இம்முறையே விளங்குகிறது. களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்ததும், உடையவன் தன் வீட்டிற்கு எடுத்துச் செல்லுமுன், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலியோர்க்கு அவரவர் பங்கை அளந்துவிட வேண்டும். அப்பங்கிற்குச் 'சுதந்திரம்' என்று பெயர்! நாவிதரைக் 'குடிமகன்' என்று நம் சிற்றூர்களில் அழைத்ததையும் இங்கே நினைக்கலாம். நாட்டின் விடுதலைக்கும் நாட்டுமக்களுக்கும் இன்று நாம் வழங்கும் இவ்விரு சொற்களும் ஒருகாலத்தில் களத்துமேட்டில் அடுத்தடுத்து நின்றன என்பது வியப்பே.

தக்காணத்தில் இதற்கு நேரானது பலுதே. பன்னிரு பலுதேதார்களுள் 'ந்ஹாவி' எனப்படும் நாவிதரும் ஒருவர். முகம் மழித்தல் மட்டுமோ அவர் பணி? மணவீட்டில் மங்கல நீராட்டிலும், இறந்தோர் வீட்டுச் சடங்கிலும் அவர் இன்றியமையாதவர். நம் ஊர்ப்பக்கம் அவர் மனைவியாரே மருத்துவச்சி. பிறப்பு முதல் இறப்பு வரை உடனிருந்தவர்க்கு ஒவ்வொரு நன்னாளிலும் எண்ணெயும் துணியும் பலகாரமும் போயின.

இதனைப் பொற்காலம் என்று பாடுவார் உளர், நாம் உடன்படோம். பங்கு உறுதியாயிருந்தது மெய். ஆனால் அந்த உறுதிக்கு விலையாகத் தந்தை கத்தியை மகனும் எடுத்தே தீரவேண்டும். 'வரமாட்டேன்' என்று சொல்ல வழியில்லை. திண்ணைக்கு அப்பால் அவர் கால் வைத்ததும் இல்லை. மகார் மக்களின் வதனைத் திருத்த வேண்டி அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொணர்ந்ததும் இத்தகைய கட்டை அறுக்கவே.

'வரமாட்டோம்' என்று நாவிதர் சொன்ன நாளும் ஒன்று உண்டு. 1890இல் பம்பாய் நாவிதர்கள் ஒன்றுகூடி, கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என்று உறுதிபூண்டனர். ஆலைத்தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே அவர்க்குத் துணைநின்றார். தமக்கு வரும் கூலியையும் விட்டுக்கொடுத்து ஒரு கொடுமையை மறுத்த அத்தொழிலாளரை நம் பிள்ளைகள் பாடநூலில் படித்ததாகத் தெரியவில்லை.

பின்னர் நிலமும் போயிற்று. ஊர்த்தொண்டு இனாம்களைப் பம்பாய் அரசு 1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. சென்னை அரசு 1963இல் சிறு இனாம்களை ஒழித்தது. அதற்கு முன்னரே பலர் நகரங்களுக்கு வந்து சலூன் வைத்துவிட்டனர். களத்து நெல் காசாக மாறிற்று. பண்டிகைத் துணியும் காசாயிற்று. ஏட்டில் இருந்த பங்கு வாடிக்கையாளரின் மனநிலையைப் பொறுத்த இனாமாகச் சுருங்கிற்று.

இந்தச் சுருக்கம் இரயில்வேக் குடும்பத்தார்க்கு நன்கு விளங்கவேண்டிய செய்தி. முதல் உலகப்போர்க் காலத்தில் பம்பாய் ஆலைமுதலாளிகள் தொழிலாளர்க்குப் போனஸ் தரத் தொடங்கினர். 1923ஆம் ஆண்டிற்கு அதனை மறுத்தபோது, 1924இல் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. தலைமை நீதிபதி மக்லியாட் தலைமையில் அமைந்த குழு, தொழிலாளர்க்குச் சட்டப்படி உரிமை இல்லை என்று கூறிவிட்டது. அதாவது, அது வெறும் இனாமாம்! 1965இல் போனஸ் சட்டம் பிறந்தது. நம்மவரோ 1974 மே மாத வேலைநிறுத்தத்தில் போனஸும் கேட்டனர். 1979-80 முதல் உற்பத்தியோடு இணைந்த போனஸாக அது கிடைத்தது. பூசைநாட்களுக்கு முன் அதனைப் பெறும் நாம் எவரும் 'சர்க்கார் இட்ட பிச்சை' என்று சொல்வதில்லை. அப்பணம் கைக்கு வந்த வாரத்திலேயே நாவிதரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவது எப்படிப் பொருந்தும்?

காலனி வீடுகள் சிலவற்றில், ஒருமுறை முடிதிருத்தும் கூலி எவ்வளவோ அவ்வளவையே தீபாவளிக்கு உறையிலிட்டு, முறுக்கும் அதிரசமும் சேர்த்துத் தருகின்றனர். நமக்கு இது செம்மையான அளவாகவே தோன்றுகிறது. அலங்கார நிலையங்களுக்குச் செல்லும் மகளிர் ஒன்றைக் கவனித்தல் நலம். அங்கே கட்டணம் உரிமையாளர் பெட்டிக்குப் போகிறது. ஆகவே இனாமைக் கட்டணத்தோடு சேர்க்காமல், பணி செய்த பெண்ணின் கையிலேயே பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். வீட்டிற்கு வரும் பெண்ணாயின், பண்டிகைக்கு முதல்நாள் கடைசி வேலையாக அவளை நிறுத்திவைக்காமல், அவளும் தன் பிள்ளைகளுக்குத் துணி வாங்கக் கடை திறந்திருக்கும் நேரத்திற்குள் கொடுத்தனுப்புக.