கண்டிச்சீமைக்கு மூன்று நாள்

கோடை விடுமுறையில் கண்டிக்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களுக்கும் மூன்று நாள் சென்றுவர நாங்கள் நால்வர் முடிவு செய்தோம். நால்வரும் கல்லூரி ஆசிரியர்கள். விடுப்பும் பணமும் அதற்குமேல் இடந்தரவில்லை. பயண முகவர் தந்த திட்டத்தில் தலதா மாளிகை, ஏரி, பேராதனைப் பூங்கா, தேயிலைத் தொழிற்சாலை, நுவரெலியா என ஐந்து இடங்கள் இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் வரலாற்று நூல்களோடு அமர்ந்தபோது அத்திட்டம் மெல்ல மாறத் தொடங்கிற்று. மாறிய விதத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதல் நாள் கண்டி நகருக்கு உரியது. இங்கு மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. பார்க்கும் முறைதான் மாறிற்று. 1739இல் கண்டி அரியணை, அரசியின் உடன்பிறந்தார் வழியாக நாயக்கர் குடும்பத்தின் கைக்கு வந்தது. அம்மரபில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், சயாம் நாட்டுப் பிக்குகளின் துணையோடு இலங்கைப் பௌத்தத் துறவு மரபு புத்துயிர் பெற்றது. சைவப் பின்னணியில் வந்த மன்னர்கள் பௌத்தத்தின் காவலர்களாக விளங்கினர் என்பது நம் பாடநூல்களில் காணக்கிடைக்காத செய்தி.

கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1798இல் அரியணை ஏறினார். தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அதன் முன்னுள்ள ஏரியும் இவர் காலத்தவை. ஏரியை வெட்டக் குடிமக்களைக் கட்டாய வேலை வாங்கிய கசப்பும் இவரது வீழ்ச்சிக்குத் துணைபோயிற்று. 1815 பிப்ரவரியில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். மார்ச் 2இல் உடன்படிக்கையின் வழி நாடு கைமாறியது. மறு ஆண்டு வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே மறைந்தார். பாலாற்றங்கரையில் உள்ள அவரது சமாதியை எங்களுள் ஒருவர் மாணவப் பருவத்தில் பன்முறை கடந்து சென்றிருக்கிறார். அவர் வெட்டுவித்த ஏரியைக் கண்டவர் எவருமில்லை.

இரண்டாம் நாளில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. பேராதனைப் பூங்காவில் அரைநாள் கழிக்கவேண்டும் என்றார் ஒருவர். 1821இல் தோன்றிய அப்பூங்காவின் பெருமையை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு மணி நேரம் போதுமெனக் கொண்டு, மீதிக் காலைப்பொழுதைக் கடலாதெனிய, லங்காதிலக விகாரைகளுக்கு ஒதுக்கினோம். இரண்டும் 1344ஐச் சேர்ந்தவை. கம்பளை தலைநகராக இருந்த காலத்தவை. கடலாதெனியவை அமைத்தவர் கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பி. லங்காதிலகப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது.

பிற்பகல் மாத்தளைக்கு. பயண முகவரின் திட்டத்தில் இவ்வூரே இல்லை. காப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள்திரட்டி வந்த காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடு வழியே நடந்து மலையடிவாரத்தில் கண்ட ஊர் இது. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். இங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் 1983 கலவரத்தில் சேதமுற்று மீண்டெழுந்தது. சிற்பியின் பெயரும் தெரிகிறது. மன்னனின் பெயரும் தெரிகிறது. இவ்வழி நடந்தவர்களின் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை. மாத்தளையை விட்டுவிடலாகாது என்று நாங்கள் வாதிட்டதற்கு அதுவே காரணம்.

மூன்றாம் நாள் கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியா. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழிக்க, மலைகள் தேயிலைக்கு மாறின. உழைத்தவர்களின் நிலையோ மாறவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்குப் பின்னர் பேசப்பட்டது. நாடற்றவராய் எஞ்சியோருக்கு 2003இல்தான் இலங்கைச் சட்டம் குடியுரிமை அளித்தது.

அப்பங்கீட்டில் இங்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். கூடலூரைச் சேர்ந்த மாணவி ஒருவரிடம் எங்கள் பயணத்தைச் சொன்னோம். மறுவாரம் அவர் தம் பாட்டியின் சொல்லைக் கொண்டுவந்தார்: “கண்டிச்சீமையில முப்பது வருசம் கொழுந்து பறிச்சேன். கண்டி டவுனைப் பார்த்ததில்ல. புசல்லாவைப் பக்கம் போனா, எங்க லயத்துக்குக் கீழ ஒரு மாடசாமி கோயில் இருந்துச்சு, இன்னும் இருக்கான்னு பார்த்துட்டு வாங்க சார்.”

2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் மலைநாட்டுச் சரிவுகளைக் கடுமையாகத் தாக்கியது. ஆதலின் செல்வோர் பாதைகளின் நிலையை முன்னரே விசாரித்துக்கொள்வது நன்று. நாங்களும் விசாரித்து வருகிறோம். நுவரெலியாவில் படகுச் சவாரிக்கென வைத்திருந்த இரண்டு மணி நேரத்தைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம். அந்நேரம் புசல்லாவையில் அம்மாடசாமி கோயிலைத் தேடுவதற்கு.