ஒரு வான்கோழியின் விலை என்ன?



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் பேசினார். நவம்பர் மாதம் நன்றி நவிலும் நாளுக்கு ஒவ்வோர் ஆண்டும் வீட்டுப் பின்கட்டில் ஒரு முழு வான்கோழியைப் புகையில் வேகவைத்து, அக்கம்பக்கத்தாரை அழைத்து விருந்து வைப்பது அவர் வழக்கம். இந்த ஆண்டு வேலை போய்விட்டது. கையில் காசு முடை. "சார், கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது கட்டுப்படியாகாது போலிருக்கிறது. விட்டுவிடலாமா?" என்று கேட்டார். கணக்கையும் அனுப்பி வைத்தார். நானோ சரித்திர வாத்தியார். கணக்கைப் பார்த்ததும் சரித்திரம்தான் ஞாபகம் வந்தது. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் கணக்கு. 16 பவுண்டு பறவை, அதாவது ஏழே கால் கிலோ, 26 டாலர். கரியும் ஹிக்கரி மரத்துண்டுகளும் 28 டாலர். ஊறவைக்க உப்பு, நாட்டுச்சர்க்கரை, மேலே தடவ வெண்ணெய், மிளகு, அலுமினியத் தட்டு எல்லாம் 16 டாலர். புகையடுப்பு 400 டாலருக்கு வாங்கியது. எட்டு ஆண்டுகளில் எட்டே முறை பயன்பட்டது. அதற்கு ஆண்டுக்கு 50. ஆக மொத்தம் 120 டாலர். எலும்பும் வற்றிப்போகும் நீரும் கழிந்தால் தட்டுக்கு வரும் கறி ஏறத்தாழ பாதிதான், 8 பவுண்டு. பவுண்டுக்கு 15 டாலர் ஆகிறது. பட்டியலில் பறவையைவிடப் பறவையைச் சுற்றியுள்ளதுதான் அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

பறவை மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்பு ஒன்று 1986 முதல் பத்துப் பேருக்கான இந்த விருந்தின் செலவை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடுகிறது. முதல் ஆண்டு 28.74 டாலர். 2022இல் உச்சமாக 64.05. 2024இல் 58.08, அதில் 16 பவுண்டு வான்கோழிக்கு மட்டும் 25.67. பறவைக் காய்ச்சலால் 2024இல் அந்நாட்டு வான்கோழிகளின் எண்ணிக்கை 1985க்குப் பிறகு மிகக் குறைவாக இருந்தும் விலை ஏறவில்லை. வாங்குவோர் குறைந்திருந்தார்கள். அதோடு, பண்டிகைக் கூட்டத்தைக் கடைக்குள் இழுக்க வான்கோழியை நட்டத்துக்குக்கூட விற்று, மற்றச் சாமானில் ஈடுகட்டுவது அங்குள்ள கடைகளின் பழைய வியாபாரத் தந்திரம். ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் சமையல் பொருள்களின் விலை மட்டுமே உண்டு. அடுப்பெரிப்பதும் ஆள் உழைப்பும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வான்கோழி என்றதும் உங்களுக்கு மூதுரைதான் ஞாபகம் வரும். இந்த அமெரிக்கப் பறவையை முதலில் வீட்டில் வளர்த்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு மெக்சிகோ மக்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயர் அதற்குத் துருக்கியின் பெயரை வைத்தார்கள். துருக்கியரோ அதை இந்தியப் பறவை என்கிறார்கள்! 1612இல் கோவாவிலிருந்து ஒன்று ஜஹாங்கீர் அரண்மனைக்கு வந்தது. அவர் வியந்துபோய் ஓவியர் மன்சூரை வரையச் சொன்னார். அந்தப் படம் இன்று லண்டனில் இருக்கிறது.

1620இல் மேஃபிளவர் கப்பலில் பிளிமத் வந்து இறங்கியவர்கள் நூறு பேர் சொச்சம். முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் இறந்துபோனார்கள். மறு ஆண்டு அறுவடை கைகூடியதும் மூன்று நாள் விருந்து நடந்தது. வாம்பனோக் தலைவர் மசசாயிட் தொண்ணூறு பேரோடு வந்தார். ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். அதே மக்களோடு 1675இல் போர் மூண்டது. மசசாயிட்டின் மகன் மெட்டகாமின் தலையை வெட்டி அதே பிளிமத்தில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவே, சாரா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியையின் நெடுநாள் முயற்சிக்குப் பிறகு லிங்கன் இந்த நாளை நாடு முழுவதற்கும் அறிவித்தார். 1970 முதல் பூர்வகுடிகள் பிளிமத்தில் கூடி அதே நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள்.

இனி புகை. கறியைப் புகையில் போட்டது முதலில் ருசிக்காக அல்ல, கெடாமல் வைக்க. நம் ஊரில் வெயில் உண்டு, உப்புக்கண்டம் போட்டோம். வெயில் போதாத இடங்களில் உப்போடு புகையைச் சேர்த்தார்கள். புகை கறியை உலர்த்தும், அதிலுள்ள பொருள்கள் கிருமி வளர்வதைத் தடுக்கும். கரீபியத் தீவுகளில் டாயினோ மக்கள் மரச்சட்டம் கட்டி, அடியில் நெருப்பு மூட்டிக் கறியை வாட்டினார்கள். அந்தச் சட்டத்தின் பெயர் பார்பகோவா. இன்றைய பார்பிக்யூ அதன் பேரன்.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் இது பெருவிருந்து ஆனது. பள்ளம் தோண்டி, மரத்தை எரித்துக் கங்காக்கி, இரவு முழுதும் கண் விழித்துத் தணலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விழித்திருந்தவர்கள் அடிமைப்பட்ட கறுப்பின மக்கள். விருந்துண்டவர்கள் அவர்களின் எஜமானர்கள். காட்டில் விறகு இலவசம், இரவும் இலவசம். அதனால்தான் அது 'மலிவான' சமையலாக இருந்தது. விடுதலைக்குப் பிறகு அதே கைத்திறனைப் பிழைப்பாக்கிக்கொண்டு, கான்சஸ் சிட்டி, சிகாகோ போன்ற நகரங்களுக்குக் கொண்டுபோனவர்களும் அவர்கள்தான்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரை வகுப்பில் எத்தனையோ ஆண்டுகள் நடத்தினேன். பருத்தி வயலைச் சொன்னேன், சவுக்கடியைச் சொன்னேன். அடுப்படியைச் சொன்னதே இல்லை. பாடப்புத்தகத்தில் இல்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதைப் பின்கட்டுப் பொழுதுபோக்காக மாற்றியது 20ஆம் நூற்றாண்டு. 1920களில் ஹென்றி ஃபோர்டு தன் கார் தொழிற்சாலையில் மிஞ்சிய மரக்கழிவைக் கரிக்கட்டியாக்கி விற்றார். 1952இல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் கடல் மிதவைக்கான இரும்புக் கோளத்தை வெட்டி மூடியுள்ள அடுப்பு செய்தார். நெருப்பு வீட்டுத் தலைவரின் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டானது. அன்று முதல் விறகுக்கும் விலை, அடுப்புக்கும் விலை.

என் மாணவரின் கணக்கில் விட்டுப்போனது நேரம். உறைந்த பறவை குளிர்பெட்டியில் இளக நான்கு நாள். உப்புநீரில் ஓர் இரவு. பிறகு 107 டிகிரி செல்சியஸ் சூட்டில், பவுண்டுக்கு அரை மணி வீதம் எட்டு மணி நேரம். உள்ளே 74 டிகிரி எட்டாமல் எடுத்தால் நோய்தான் மிச்சம்.

அவருக்கு நான் சொன்னது இதுதான்: "தம்பி, அடுப்புக்குக் கொடுத்த 400 டாலர் போன காசு. நீ வான்கோழியைச் சுட்டாலும் சுடாவிட்டாலும் திரும்பி வராது. அதை இந்த ஆண்டுச் செலவில் சேர்க்காதே. அப்படிப் பார்த்தால் செலவு 70 டாலர்தான். பறவையைச் சிறிதாக வாங்கு, கரியும் குறையும். எட்டு மணி நேரம் உன்னிடம் இப்போது இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரையும் வந்து தணலைப் பார்க்கச் சொல். வேலை போன விஷயத்தை அவரிடம் சொல்லவும் அது நல்ல நேரம்." சற்று நேரம் பதிலே இல்லை. பிறகு, "இன்னும் யாருக்கும் சொல்லவில்லை சார்," என்றார்.

போனை வைத்த பிறகு என் தாயார் நினைவு வந்தது. தீபாவளிக்கு முன் மூன்று இரவு விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து முறுக்கும் அதிரசமும் சுடுவார். அப்பா மளிகைக் கணக்கைப் பைசா சுத்தமாக நோட்டில் எழுதுவார். எண்ணெய் உண்டு, வெல்லம் உண்டு, விறகுகூட உண்டு. அந்த மூன்று இரவுகள் எந்தப் பக்கத்திலும் இல்லை. அப்பா கூப்பிட நானே பல ஆண்டுகள் எழுதிய நோட்டு அது.

உங்கள் வீட்டுப் பண்டிகைக் கணக்கிலும் யாருடைய இரவு விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். அவர் இருந்தால் இன்றே கூப்பிட்டுப் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சரித்திர ஆசிரியர்