கையின் தாளமும் பொறியின் தாளமும்
எல். சங்கரின் ‘எல்லோருக்குமான பாடல்’

தமிழ்ப் பாட்டியல் மரபு புலவர்களை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்தும். பிறர் கொடுத்த பொருளை, கொடுத்த யாப்பில், அக்கணமே பாடி முடிப்பவன் ஆசுகவி. காளமேகப் புலவரை இவ்வகையின் உச்சமாகத் தமிழுலகம் போற்றி வருகிறது. கருநாடக இசையில் இவ்வாற்றலுக்கு மனோதர்மம் என்று பெயர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்விலிருந்து எழுந்த ஜாஸ் இசைக்கும் இதுவே உயிர்நாடி.

அக்கணத்தில் பிறந்து அக்கணத்திலேயே மறையும் இக்கலையை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கொண்டுசென்று, மின்னணுத் தாளப்பொறி ஒன்றையும் துணைக்கு வைத்தால் அதன் உயிர் எஞ்சுமா? இவ்வினாவுக்குத் தமிழர் ஒருவர் 1984-ஆம் ஆண்டு நார்வே நாட்டின் தலைநகரான ஓஸ்லோவில் விடை தேடினார். கல்வராயன் மலைமேல் கரியாலூரில் கவிதை பேசுவோருக்கு ஓஸ்லோ வெகுதொலைவுதான். ஆனால் யாப்பையும் கற்பனையையும் எண்ணிப் பார்ப்போர் எவருக்கும் அவ்வினா தொலைவானதன்று.

வயலின் வந்த வழி

வயலின் நம் நாட்டுக் கருவியன்று. முத்துசாமி தீட்சிதரின் தம்பியான பாலுசாமி தீட்சிதர் (1786–1858) ஆங்கிலேயரின் வாத்தியக் குழுவினரிடமிருந்து அதனைப் பயின்று நம் இசைக்கு உரியதாக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதில் பெரும்புலமை எய்தி, 1834-இல் சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்த வயலினைப் பரிசாகப் பெற்றார். நின்று வாசிக்கப்பட்ட கருவி இங்கு வந்ததும் தரையில் அமர்ந்தது. அதன் தலைப்பகுதி கலைஞரின் காலடியில் சாய்ந்தது. கமகம் அதன் மொழியாயிற்று. வந்த கருவியை வணங்கி ஏற்காமல் வளைத்து ஏற்றனர் நம் முன்னோர். இம்மரபை மனங்கொண்டால், பின்னாளில் அதே வயலினுக்கு மின்சாரம் பாய்ச்சிய செயலை மரபுமீறல் என்று எளிதில் தள்ளிவிட இயலாது.

யாழ்ப்பாணம் முதல் ‘சக்தி’ வரை

எல். சங்கர் 1950-இல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் வி. இலட்சுமிநாராயணர் யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராக விளங்கியமையால் இளமை அங்குக் கழிந்தது. 1958-ஆம் ஆண்டின் இனக் கலவரம் அக்குடும்பத்தை மீண்டும் சென்னைக்குத் துரத்தியது. எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் இவர்தம் தமையன்மார். 1969-இல் அமெரிக்கா சென்ற சங்கர், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இனவிசையியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

அங்கு வீணை பயில வந்த ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு ஏற்பட்ட நட்பே ‘சக்தி’ குழுவாக மலர்ந்தது. தபலாவில் ஜாகிர் உசேனும் கடத்தில் விக்கு விநாயகராமும் இணைந்தனர். இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் தம் குழுவில் மின்கிதாரின் பேரொலியால் புகழ்பெற்றிருந்த மெக்லாக்லின், மின்சாரத்தைத் துறந்தே கருநாடக இசையை நெருங்கினார். அம்மரபிலேயே வளர்ந்த சங்கரோ, ‘சக்தி’க்குப் பின்னர் மின்சாரத்தை நாடிச் சென்றார்.

பத்து நரம்புகள்

1980 அளவில் சங்கர் தாமே திட்டமிட்டு, அமெரிக்கக் கருவிக் கலைஞர் கென் பார்க்கரின் துணையோடு இரட்டை வயலினை உருவாக்கினார். ஓருடல், இரு கழுத்து, பத்து நரம்பு. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என்னும் நான்கு கருவிகளின் ஒலியெல்லையும் இவ்வொன்றில் அடங்கியது. இதனைக்கொண்டு முதலில் அவர் செய்த பணி குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியின் இ.சி.எம். நிறுவனத்துக்காக, மிருதங்க மேதை உமையாள்புரம் கா. சிவராமன், ஜாகிர் உசேன் ஆகியோரோடு இராக ஆலாபனை மரபிலேயே ஓர் இசைத்தட்டை அளித்தார். புதிய கருவிக்குப் பழைய இலக்கணத்தைக் கற்பித்த பின்னரே புதிய இலக்கணத்துக்குச் சென்றார் எனலாம்.

ஓஸ்லோவில் நால்வர்

1984 செப்டம்பரில் ஓஸ்லோவின் டேலண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் நால்வர் கூடினர். இரட்டை வயலினும் தாளப்பொறியும் சங்கருடையவை. நார்வே நாட்டு யான் கார்பரெக் சாக்சபோன் இசைத்தார். ஜாகிர் உசேன் தபலாவும் கோங்கா முழவும் வாசிக்க, தும்ரிப் பாடகி சோபா குர்ட்டுவின் மகனான திரிலோக் குர்ட்டு பல்வகைத் தாளக்கருவிகளை ஏற்றார். மான்பிரெட் ஐக்கர் தயாரித்த இத்தட்டு ‘சாங் ஃபார் எவ்ரிவன்’ என்ற பெயரில் 1985-இல் வெளிவந்தது. தமிழில் ‘எல்லோருக்குமான பாடல்’ எனலாம்.

ஏழு பகுதிகளும் சங்கரின் ஆக்கங்கள். முதற் பகுதியான ‘பேப்பர் நட்’டில் வயலினும் சாக்சபோனும் ஒரு மெட்டை இணைந்தே இசைக்கின்றன, பின் தனித்தனிக் கற்பனைக்குப் பிரிகின்றன. பல்லவியை நிறுவிவிட்டுக் கற்பனைச் சுரத்துக்குச் செல்லும் நம் கச்சேரி முறைக்கும், மெட்டைச் சொல்லிவிட்டுத் தனிவாசிப்புக்குச் செல்லும் ஜாஸ் முறைக்கும் இங்குப் பகை தோன்றவில்லை. இறுதி இரு பகுதிகளின் பெயர்கள் ‘வீடு திரும்புவோம்’, ‘அமைதியில் உறங்குக’ எனப் பொருள்படும். இப்பெயர்களை வரலாற்றோடு முடிச்சிடுவது மிகையாகலாம். எனினும் 1983-இன் கறுப்பு யூலைக்கு அடுத்த ஆண்டில், 1958-இல் யாழ்ப்பாணத்தை இழந்த ஒருவர் இட்ட பெயர்கள் இவை என்பதைத் தமிழ் நெஞ்சம் எளிதில் மறவாது.

தாளப்பொறி

இத்தட்டின் அரிய சோதனை தாளப்பொறியே. அது களைப்பதில்லை, விரைவதில்லை, தளர்வதில்லை. ஆனால் அது கேட்பதுமில்லை. நம் கச்சேரியில் தாளமிடும் கையும் மாறாததே. ஆயினும் அக்கைக்கு உரியவர் கேட்கிறார், தலையசைக்கிறார், பாடகரின் மூச்சை அறிகிறார். கேளாத ஒன்றை வைத்துக்கொண்டு ஆசுகவி பாடுவது எங்ஙனம்?

சங்கர் கண்ட விடை எளியது. பொறியை அவர் தனித்து விடவில்லை. செவி கூர்ந்த இரு தாளக் கலைஞர்களை அதனருகில் அமர்த்தினார். பொறி கணக்கைக் காத்தது. அக்கணக்கை ஜாகிரும் குர்ட்டும் உரையாடலாக்கினர். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் வினவியும் விடையிறுத்தும் செல்லும் பண்பு இங்கு வேறு வடிவில் வாழ்கிறது. அந்த இருவரையும் நீக்கிப் பொறியை மட்டும் விட்டிருந்தால், எஞ்சுவது காலக்கணக்கே, தாளம் ஆகாது. பிற்காலத்தில் பொறியொலி மலிந்த இசையுலகம் பலவிடங்களில் மறந்த பாடம் இது.

கவிஞர்க்கு

யாப்பும் ஒருவகைப் பொறியே. சீரும் தளையும் கவிஞனின் நெஞ்சைக் கேட்பதில்லை. எண்ணிக்கையை மட்டுமே காக்கின்றன. அதனால் யாப்பைச் சிறை என்றோர் உண்டு. யாப்பே கவிதை என்றோரும் உண்டு. இருசாராரும் எண்ணத்தக்க சான்று இவ்விசைத்தட்டு. அளவு மாறாதிருப்பதால் கற்பனை அழிவதில்லை. அளவுக்கும் கற்பனைக்கும் இடையே கேட்கும் செவி இல்லாதபோதே அது அழிகிறது. ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15-ஆம் நாள் மறைந்தார். நாற்பதாண்டுகளுக்கு முன் ஓஸ்லோவில் கேளாத பொறியின் அருகே அவர் வைத்த செவி, இன்றும் அத்தட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது.