போஸ்டரில் இருந்தவர்கள், மேடைக்கு வந்தவர்கள்

2013 ஆகஸ்ட் 21 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம் கறுப்புச் சட்டைகளால் நிறைந்தது. 1957-இல் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை ‘மெர்டேக்கா’ என்று முழங்கிய அதே திடலில், சுதந்திர தினத்துக்குப் பத்து நாள் முன்னதாக, மெட்டாலிக்கா வாசித்தது. அடுத்து செப்டம்பர் 28-இல் வரவேண்டியது லேம்ப் ஆஃப் காட் என்ற இன்னொரு அமெரிக்கக் குழு. நாள் குறித்தாயிற்று, போஸ்டரும் வெளிவந்தாயிற்று. இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம், அந்தக் குழுவின் பாடல்கள் மத உணர்வைப் புண்படுத்தும் என்று ஆட்சேபித்தது. அனுமதி கிடைக்கவில்லை, கச்சேரி நின்றது. ஒரே நகரம், ஒரே ஆண்டு. இடையில் ஆறு வாரம்கூட இல்லை.

ஹெவி மெட்டல் ரசிகர்கள் உலகெங்கும் விழாவின் ‘லைன்-அப்’பைப் பற்றி ஓயாமல் வாதிடுகிறவர்கள். யாரைக் கடைசியில் நிறுத்தியிருக்கிறார்கள், எந்த நல்ல குழுவை மதிய வெயிலில் தள்ளிவிட்டார்கள், சென்ற ஆண்டு வந்தவர்களே ஏன் திரும்ப வருகிறார்கள் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். சென்னையில் டிசம்பர் சீசனின் சபா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இவருக்கு மாலை நேரமா, அவருக்கு மதியமா என்று ரசிகர்கள் பொருமுவதுதான் இங்கேயும். கோலாலம்பூரும் அதைச் சுற்றிய ஊர்களுமான கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டும் இந்த வாதங்களுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி நிற்கும்: பெர்மிட் கிடைத்துவிட்டதா?

ஜெர்மனியின் வாக்கன் கிராமத்தில் 1990 முதல் மெட்டல் விழா நடக்கிறது. யார் யார் வருகிறார்கள் என்ற முழுப் பட்டியல் வெளிவரும் முன்பே அடுத்த ஆண்டுக்கான டிக்கெட்டுகள் சில மணி நேரத்தில் தீர்ந்துபோன காலமும் உண்டு. கோலாலம்பூரில் பெயர் தெரிந்த பிறகும் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புக்கு ஐம்பதாண்டு வரலாறு இருக்கிறது.

தொடக்கம் ஜொகூர் பாலத்துக்கு அப்பால். 1972 பிப்ரவரியில் லெட் செப்பலின் குழு சிங்கப்பூரில் வாசிக்க வந்தது. நீண்ட தலைமுடிக்கு எதிராக அரசு இயக்கமே நடத்திக்கொண்டிருந்த காலம். முடியை வெட்டாமல் ஊருக்குள் விடமாட்டோம் என்றார்கள் அதிகாரிகள். கச்சேரி நடக்கவில்லை. ஒரு குழு மேடையேறுவதை அதன் பாட்டைவிடத் தோற்றமே தீர்மானிக்கலாம் என்பதை இந்த வட்டாரத்து ரசிகர்கள் முதன்முதலில் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

மலேசியாவின் சொந்த ராக் அலை 1980-களில் எழுந்தது. ‘ராக் காபாக்’, அதாவது கோடரி ராக் என்று அதற்குப் பெயர். 1981-இல் ஜொகூர் பாருவில் உருவான சேர்ச், 1985-இல் ‘சிந்தா புவாத்தான் மலேசியா’ என்ற முதல் ஆல்பத்தை வெளியிட்டது. 1989-இல் வந்த ‘இசபெல்லா’ பாட்டு மலேசியாவைத் தாண்டி இந்தோனேசியாவையும் ஆட்டிவைத்தது. கோலாலம்பூர் பக்கத்திலிருந்து விங்ஸ் எழுந்தது. லெஃப்ட்ஹேண்டட், பிளட்ஷெட், ரஸ்டி பிளேட் என்று பட்டியல் நீண்டது. இறுக்கமான ஜீன்ஸும் தோளைத் தொடும் முடியுமாகத் திரிந்த இளைஞர்களை ஊர் ‘மாட் ராக்’ என்றது. சேர்ச்சா விங்ஸா என்பதுதான் அந்தத் தலைமுறையின் பெரிய சண்டை. இரண்டு குழுக்களும் ‘டபுள் டிரபிள்’ என்ற பெயரில் ஒரே மேடையேறியபோதுகூட அந்தச் சண்டை தீர்ந்தபாடில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் இருந்த தமிழ் கேசட் கடைகள் அப்போது இளையராஜாவின் ராஜ்ஜியம். ஆனால் தமிழ் வீடுகளின் வானொலியும் அரசு வானொலிதான். மலாய்ப் பாட்டு வெளியார் பாட்டாகவும் அங்கே ஒலிக்கவில்லை. பினாங்குத் தமிழர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் அதற்கு முன்பே ஆலிகேட்ஸ் குழுவில் மலாய் பாப் பாடி நாடறிந்த நட்சத்திரங்கள் ஆகியிருந்தார்கள். லோகநாதனின் அடர்ந்த சுருட்டை முடியை அடையாளம் தெரியாத வீடு இல்லை.

முடிதான் மறுபடி வம்புக்கு வந்தது. 1992-இல் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட், நீண்ட முடியோடு வரும் ராக் கலைஞர்களுக்கு அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இடமில்லை என்றார். சேர்ச், விங்ஸ் பாடகர்கள் கடைசியில் முடியை வெட்டிக்கொண்டார்கள். கத்தரிக்கோல் பிடித்தவர்களில் அமைச்சரும் ஒருவர். ரசிகர்களில் பாதிப்பேர் துரோகம் என்றார்கள், பாதிப்பேர் பிழைப்பு என்றார்கள். ஒலிபரப்பு இல்லையென்றால் கேசட் விற்காது, கேசட் விற்காவிட்டால் மேடையும் இல்லை என்ற கணக்கு மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

ஒலிபரப்பை முதலிலிருந்தே எதிர்பார்க்காத ஒரு கூட்டமும் இருந்தது. 1888-இல் ஈரச்சந்தையாகத் தொடங்கிய கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட், 1986-இல் ‘பாசார் செனி’ என்ற கலைச்சந்தையாக மறுபிறவி எடுத்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். அதைச் சுற்றியிருந்த திண்ணைகளும் நடைபாதைகளும் மெட்டல், பங்க் இளைஞர்களின் சந்திப்பிடமாயின. ஜெராக்ஸ் எடுத்த சிற்றிதழ்கள், கையால் பெயர் எழுதிய டெமோ கேசட்டுகள், அடுத்த ‘கிக்’குக்கான, அதாவது சிறு கச்சேரிக்கான, துண்டறிக்கைகள் எல்லாம் அங்கே கைமாறின. வெளிநாட்டுக் குழுக்களின் இசை தபால் வழியே வந்தது: ஒருவர் ஒரு கேசட்டை அனுப்ப, மற்றவர் இன்னொன்றைத் திருப்பி அனுப்பினார்.

அந்தத் துண்டறிக்கைகளே இங்கத்து முதல் லைன்-அப்கள். ரேட்டர், எஃப்டிஜி, சில் கன்னாஸ், சஃபர்கேஷன் போன்ற பெயர்கள் அவற்றின் வழியேதான் பரவின. குரோமோக் குழுவின் கதை தனி. சிட்னியில் படித்துக்கொண்டிருந்த மலேசிய மாணவர்கள் 1987-இல் அங்கேயே அதைத் தொடங்கினார்கள். 1991-இல் ‘ஃபாரெவர் இன் டைம்’ வெளிவந்தபோது வேகமான திராஷ் மெட்டலுக்கு நாட்டில் ஒரு ரசிகர் படையே இருப்பது தெரிந்தது. வாடகைக்கு எடுத்த மண்டபம், எல்லோருக்கும் பொதுவாக ஒரே டிரம் செட், ஒரு குழுவுக்கு அரைமணி நேரம். கடைசியில் வாசிப்பவர்தான் பெரியவர் என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் முன்பே கிளம்பிவிடுவார்கள் என்பதால், நடுவில் வாசிக்கும் குழுவுக்குத்தான் நல்ல கூட்டம்.

இதே காலத்தில் சிங்கப்பூரில் இந்திய இளைஞர்கள் சிலர் ருத்ரா என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஆண்டு 1992. டெத் மெட்டலின் உறுமலுக்குள் சமஸ்கிருத சுலோகங்களையும் அத்வைத விசாரத்தையும் கொண்டுவந்தார்கள். பாடுபவரும் பேஸ் கிட்டார் வாசிப்பவருமான கதிரேசன் வேதாந்தத்தை முறையாகப் படித்தவர். 1998-இல் முதல் ஆல்பம், 2005 முதல் ‘பிரம்மவித்யா’ என்ற பெயரில் மூன்று ஆல்பங்கள் என்று வளர்ந்த இந்த இசைக்கு ‘வேத மெட்டல்’ என்ற பெயர் நிலைத்தது. மெட்டல் என்றாலே சாத்தான் வழிபாடு என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த வட்டாரத்தில்தான் இதுவும் நடந்தது.

சாத்தான் பேச்சு முற்றியது 2001-இல். மெட்டலின் ஒரு கிளையான ‘பிளாக் மெட்டல்’ கேட்கும் மாணவர்களைத் தேடி, கெடா மாநிலப் பள்ளிகளில் அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடக்கவிருந்த மெகாடெத் கச்சேரி நின்றுபோனது. பிளாக் மெட்டலுக்கும் மெகாடெத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. இங்கே குற்றவாளி அந்தக் குழுவின் ஆல்பம் அட்டைகளில் வரும் விக் ராட்டில்ஹெட் என்ற மண்டையோட்டுச் சின்னம். கண்ணையும் காதையும் வாயையும் மூடிய அந்த உருவம், ‘தீயதைப் பார்க்காதே, கேட்காதே, பேசாதே’ என்பதைக் கேலி செய்ய வரையப்பட்டது.

அடுத்த அடி பழைய கிள்ளான் சாலையில் விழுந்தது. அந்தச் சாலையில் பால்ஸ் பிளேஸ் என்று ஒரு சிறிய அரங்கு இருந்தது. உள்ளூர்க் குழுக்கள் வாடகை கட்டி வாசிக்கக்கூடிய இடம். 2005 டிசம்பர் 31 அன்று புத்தாண்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது காவல்துறை உள்ளே நுழைந்து சுமார் 380 இளைஞர்களைப் பிடித்துச் சென்றது. போதைப்பொருள் உட்கொண்டார்களா என்று சிறுநீர்ச் சோதனை நடந்தது. பிளாக் மெட்டல் கூட்டம் என்று செய்தி பரவியது. மேடையேறியவை பலவகைக் குழுக்கள், பிளாக் மெட்டல் அல்ல என்று இசைக்காரர்கள் சொன்னது பெரிதாக எடுபடவில்லை. 2006-இல் தேசிய ஃபத்வா மன்றம் பிளாக் மெட்டல் பண்பாட்டை முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டதாக அறிவித்தது.

போஸ்டரை வாசிப்பவர்கள் அதன்பின் ரசிகர்கள் மட்டும் இல்லை. முள்வேலி போலப் பின்னிக்கிடக்கும் மெட்டல் எழுத்துகளைப் பார்த்து எது எந்தக் குழு என்று சொல்வது அதுவரை ரசிகர்களின் தனிக் கலை. இப்போது அதே எழுத்துகளைப் பெற்றோரும் நிருபர்களும் போலீஸும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

அனுமதி முறையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுக் கலைஞர் யாராக இருந்தாலும் புஸ்பால் என்ற மத்தியக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அது பல துறைகளின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கும். அதற்கு மேல் ஊராட்சி உரிமம், காவல்துறை அனுமதி. கோலாலம்பூர் என்றால் மாநகராட்சி. பெட்டாலிங் ஜெயாவோ ஷா ஆலமோ கிள்ளானோ என்றால் சிலாங்கூர் மாநிலத்தின் ஊராட்சி மன்றங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு ஒரே ஊராகத் தெரிந்தாலும் அரங்கை நான்கு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் கையெழுத்துப் போடுகிறவரே மாறிவிடுவார். உள்ளூர்க் குழுவுக்குப் புஸ்பால் வேலை இல்லை. 2000-இல் தொடங்கிய ‘ராக் தி வேர்ல்ட்’ போன்ற விழாக்கள் உள்ளூர்க் குழுக்களை முதுகெலும்பாக வைத்தே வளர்ந்ததற்கு இதுவும் ஒரு வசதி. வெளிநாட்டு மெட்டல் குழுக்களோ பெரும்பாலும் விழாவாக வராமல் ஒற்றைக் கச்சேரியாகவே வந்தன. ஆசியச் சுற்றுப்பயணத்தில் கோலாலம்பூர் ஒரு நிறுத்தம்.

2013-இன் மெட்டாலிக்கா பயணமும் அப்படித்தான். 21-இல் கோலாலம்பூர், 24-இல் சிங்கப்பூர், 25-இல் ஜகார்த்தா. ஜகார்த்தாவுக்கு அந்தக் குழு 1993-இல் வந்தபோது அரங்குக்கு வெளியே கலவரமே வெடித்திருந்தது. இருபதாண்டு கழித்து அதே நகரத்தின் ஆளுநர் ஜோகோ விடோடோ ரசிகராகவே கச்சேரிக்குப் போனார். மெட்டாலிக்காவின் ராபர்ட் ட்ருஹியோ தமக்குப் பரிசாக அனுப்பிய பேஸ் கிட்டாரை அதற்கு முன்பே ஊழல் ஒழிப்பு ஆணையத்திடம் அவர் ஒப்படைத்திருந்தார். 2012-இல் ஜகார்த்தாவில் தொடங்கிய ஹாமர்சோனிக் விழா இரண்டு மணி நேர விமானப் பயணத்தில் எட்டிவிடும் தூரத்தில் இருந்தது. கோலாலம்பூரில் கிடைக்காத பெயர்கள் அங்கே கொத்துக் கொத்தாகக் கிடைத்தன.

கோலாலம்பூர்க் கதவும் எப்போதும் மூடியே கிடக்கவில்லை. 2001-இல் மேடையேற முடியாமல் போன மெகாடெத் 2017-இல் வந்து வாசித்துவிட்டுப் போனது. 2018 நவம்பரில் கன்ஸ் அண்ட் ரோசஸ் சன்வே லகூன் கடற்கரைத் திடலில் வாசித்தது. ‘சாத்தான் இசை’ என்ற அச்சம் தணிந்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், அடுத்த சிக்கல் மெட்டல் பக்கமிருந்து வரவே இல்லை.

2023 ஜூலை 21-இல் சிப்பாங்கில் மூன்று நாள் குட் வைப்ஸ் விழா தொடங்கியது. முதல் நாள் ஹெட்லைனர் பிரிட்டனின் தி 1975 என்ற பாப்-ராக் குழு. ஓரினச் சேர்க்கைக்கு எதிரான மலேசியச் சட்டத்தை மேடையிலேயே கண்டித்த பாடகர், சக கலைஞரை முத்தமிட்டார். மறுநாளே அரசு எஞ்சிய விழாவை ரத்து செய்தது. தி ஸ்ட்ரோக்ஸ் குழு வரவிருந்த நாளும் போனது, பல உள்ளூர்க் குழுக்களின் வாய்ப்பும் போனது. விதி மீறினால் மேடையின் ஒலியையும் ஒளியையும் உடனே துண்டிக்கும் ‘கில் சுவிட்ச்’ ஏற்பாட்டை அமைப்பாளர்களிடம் அரசு கேட்டது அதற்குப் பிறகுதான்.

மெட்டல் ரசிகர்களுக்கு இதில் நேரடிப் பங்கில்லை என்றாலும், பட்டியலை வரிசைப்படுத்தும் பழைய வாதத்துக்கு அந்த வாரம் புதிதாக ஒரு கணக்கைச் சேர்த்தது. பெரிய பெயரை எந்த நாளில் வைப்பது என்பது அதுவரை டிக்கெட் விற்பனை பற்றிய கேள்வி. தி 1975 முதல் நாளில் இல்லாமல் மூன்றாம் நாளில் இருந்திருந்தால், மற்ற இரண்டு நாளும் எல்லோரும் வாசித்து முடித்திருப்பார்கள்.