சாயமும் கதிரொளியும்

மாமல்லபுரம் என்றதும் கற்கோயில்களே நம் நினைவுக்கு வரும். அதே கரையில், சற்றுத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில், ஒல்லாந்தர் கட்டிய கோட்டை ஒன்று சிதைந்து நிற்கிறது. செங்கற்பட்டுச் சீமையின் அத்துறைக்கு அவர்களை ஈர்த்தது நம்மவர் நெய்த பருத்தித் துணி.

சோழமண்டலக் கரைத் துணிகளின் செந்நிறத்துக்கு மூலம், மணற்பாங்கான நிலத்தில் வளரும் இம்பூறல் என்னும் சாயவேர். சாயக்காரர் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்ப்பர். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீர் தீட்டுவர். பின்னர் வேரோடு கொதிக்க வைப்பர். துணி முழுவதும் செம்மை படியும். அதைச் சாண நீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, நீர் தெளித்து வருவர். படிகாரம் பட்ட இடத்தில் நிறம் நிலைக்கும். படாத இடம் வெளுத்துவிடும். ஒளியையும் ஒரு பணியாளாக வைத்து வேலை வாங்கியவர் அவர்.

பாடவேளையில் இதனை நான் விளக்கியபோது, மாணவன் ஒருவன் எழுந்து, "வெயில் சாயத்தைத் தின்னுமா, ஐயா?" என்றான். "நிறம் மங்கும்" என்று கூறி அவனை உட்கார வைத்தேன். அது அரைகுறை விடை என்பதை ஓய்வு பெற்ற பின்னரே உணர்ந்தேன்.

அவ்வேரின் செந்நிறப் பொருள் அலிசரின். 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானியர் இருவர் அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். ஆலைச் சாயம் மலிந்தது. வேரின் மதிப்பு சரிந்தது. அலிசரின் ஆந்திரகுவினோன் குடும்பத்தது. அதன் மூலக்கூறில் இரண்டு கீட்டோன் தொகுதிகள் உள்ளன.

அக்குடும்பத்துச் சாயங்களுள் சில மஞ்சள் சாயங்கள் தாம் மங்குவதோடு நில்லாமல், வெயிலில் துணியையே நைந்துபோகச் செய்தன. காரணத்தைத் தேடிய போலண்டு, கூப்பர் என்னும் ஆங்கிலேய அறிஞர்கள் 1954இல் ஆந்திரகுவினோன் உப்பையும் ஆல்ககாலையும் கொண்டு ஆராய்ந்தனர். ஒளியேற்ற மூலக்கூறு ஆல்ககாலிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது. காற்றின் ஆக்சிஜன் அதனை வாங்கிக்கொள்ள, மூலக்கூறு பழைய நிலைக்கு மீள்கிறது. பருத்தியிலும் ஆல்ககால் தொகுதிகள் நிறைந்திருப்பதால் இழை அறுகிறது.

நெசவாளர்க்குக் கேடாக இருந்த இவ்வினையே இன்று வேதியியலார்க்குக் கருவி. ஆந்திரகுவினோன் வகைகள், இயோசின் முதலியவற்றைச் சிறிதளவு இட்டுக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பாய்ச்சி, பல வேதிவினைகளை நிகழ்த்துகின்றனர். ஐசோபுரொப்பைல் ஆல்ககால் இரண்டு ஹைட்ரஜன்களை இழந்தால், நகப்பூச்சைக் கரைக்கும் அசிட்டோன் என்னும் கீட்டோன் கிடைக்கும். முன்பு இத்தகைய மாற்றத்துக்கு நச்சு மிக்க குரோமியச் சேர்மங்களைப் பெரிதும் நம்பியிருந்தனர். இங்கோ ஒளியும் காற்றும் வேலை செய்ய, சாயம் மீண்டும் மீண்டும் பயன்படும் வினையூக்கியாகிறது.

அம்மாணவன் எங்கேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவனுக்கு என் முழு விடை இது: வெயில் சாயத்தைத் தின்னும், தம்பி, சில வேளைகளில், வெயிலை உண்ட சாயம் பிற பொருளையும் மாற்றும். நம் கடற்கரைச் சாயக்காரர் கண்ணால் கண்டு பயன்கொண்டது இவ்வறிவின் முதற்படி.